டி.வி.யில் மட்டும் காய்க்கும் மரம்

முழங்கால் உயரம்கூட இல்லாத செடி. பிளாஸ்டிக் தொட்டி. செடியில் இலையைவிட ஆப்பிள் அதிகம். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பெண்மணி வருகிறார், ஒன்றைப் பறித்துக் கடிக்கிறார். அந்தக் கடிக்கும் சத்தம் ஸ்டூடியோவில் சேர்த்தது என்பது வீட்டில் உட்கார்ந்திருக்கும் நமக்கே தெரிகிறது. "உங்க பால்கனியிலேயே காஷ்மீர்!" என்கிறது பின்னணிக் குரல். திரைக்கு அடியில் ஒரு கைப்பேசி எண் ஓடுகிறது. சலுகை முடிய இன்னும் பதினைந்து நிமிடம்தானாம். நேற்று மத்தியானமும் அதே பதினைந்து நிமிடம்தான் பாக்கி இருந்தது.

அணுசக்தி நகரில் இந்த மாதிரி விளம்பரங்களுக்கு நல்ல ரசிகர்கள் இருக்கிறார்கள். மான்கூர்டுக்கும் டிராம்பே மலைக்கும் நடுவே, அணுசக்தித் துறை தன் ஊழியர்களுக்காகக் கட்டிய காலனி இது. மாட்டுங்கா, தாராவி போலத் தமிழ்க் கடைத்தெருவாக வளர்ந்த இடமில்லை. வேலை கிடைத்து வந்து, குவார்ட்டர்ஸ் கிடைத்துத் தங்கியவர்களின் ஊர். மல்லிகையும் வாழைப்பூவும் வேண்டுமென்றால் செம்பூருக்கோ மாட்டுங்காவுக்கோதான் போக வேண்டும். ஆனால் கறிவேப்பிலை, துளசி, கற்பூரவல்லி இல்லாத தமிழ் பால்கனியை இங்கே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்த மூன்று தொட்டிகளுக்குப் பக்கத்தில், வாடியும் வாடாமலும் நாலாவதாக ஒன்று நின்றால், அது கூரியரில் வந்ததா என்று கேட்டுப் பார்க்கலாம்.

மூன்றாவது மாடி மாமி ஒருவரிடம் கேட்டேன். "மியாசாகி மாம்பழம்னு சொல்லி அனுப்பினான். இலையைப் பார்த்தா மாதான், அதுல சந்தேகமில்லை. என்ன ஜாதின்னு காய்ச்சாத்தானே சொல்ல முடியும்?" என்றார். வாங்கி எவ்வளவு நாளாயிற்று என்றதற்கு, "போன மழைக்கு முந்தின மழை" என்றார். விற்றவர்களுடைய எண் இப்போது உபயோகத்தில் இல்லை.

இந்த வியாபாரத்தின் சூட்சுமம் முழுவதும் அந்த மாமியின் கேள்வியில் இருக்கிறது. மிக்ஸி ஓடவில்லை என்றால் பார்சலைப் பிரித்த அன்றே தெரிந்துவிடும். புடவை சாயம் போனால் முதல் சலவையில் தெரியும். பழக்கன்று மட்டும்தான், உள்ளே இருப்பது என்ன என்பதை மூன்று, நான்கு வருஷத்துக்கு வெளியே காட்டாத சரக்கு. ஒட்டு மாங்கன்று ஓரளவு நிலைத்துக் காய்க்க அத்தனை காலம் ஆகும். கொட்டையிலிருந்து முளைத்ததென்றால் அதற்கு இரட்டிப்புக் காலம். திருப்பிக் கொடுப்பதற்கான அவகாசமோ பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள். அதற்குள் பார்த்துச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: செடி செத்ததா, பிழைத்ததா. பிழைத்துவிட்டால் விற்றவர் ஜெயித்தார். செத்துவிட்டால் "தண்ணி அதிகமா ஊத்திட்டீங்க மேடம்."

நிஜத்தில் பாதி

முழுப் பொய்யாக இருந்தால் இவ்வளவு தூரம் விலைபோகாது. ஒவ்வொரு விளம்பரத்துக்கும் பின்னால் ஒரு நிஜமான மரம் எங்கேயோ இருக்கிறது.

ஆப்பிளை எடுத்துக்கொள்வோம். வழக்கமான ஆப்பிள் ரகங்கள் பூக்க வேண்டுமென்றால் குளிர்காலத்தில் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே 800 முதல் 1,200 மணி நேரம் வரை உறங்க வேண்டும். மும்பையில் அப்படி ஒரு மணி நேரம்கூடக் கிடைக்காது. ஜனவரியில் 16 டிகிரிக்கு இறங்கினாலே நாம் ஸ்வெட்டரைத் தேடுகிறோம். ஆனால் குறைந்த குளிரிலேயே காய்க்கும் ஆப்பிள் உண்மையிலேயே உண்டு. இஸ்ரேலின் அன்னா, பஹாமாஸின் டார்செட் கோல்டன். நம் நாட்டில் இமாச்சலப் பிரதேசத்தின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஹரிமன் சர்மா என்ற விவசாயி கண்டெடுத்து வளர்த்த எச்.ஆர்.எம்.என்.-99. தேசியப் புத்தாக்க அறக்கட்டளை அதைப் பல மாநிலங்களில் நட்டுப் பார்த்தது. 2025-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆக, வெயில் ஊரில் ஆப்பிள் என்பது கட்டுக்கதை இல்லை. முழங்கால் உயரத்தில், தொட்டியில், நட்ட வருஷமே, கூடை கூடையாக என்பதுதான் கட்டுக்கதை. விளம்பரத்தில் காட்டும் பெயர் ஒன்று, பார்சலில் வரும் குச்சி இன்னொன்று என்றாலும் இலை உதிர்ந்த ஆப்பிள் குச்சியைப் பார்த்து ரகம் சொல்ல யாரால் முடியும்?

மியாசாகி கதை இதைவிடச் சுவாரசியம். கிலோ இரண்டரை லட்சம் ரூபாய் என்று செய்திகளில் அடிபட்ட பிறகு, அந்தப் பெயரில் கன்று விற்காத ஆன்லைன் கடை இல்லை என்ற நிலை வந்தது. ஜப்பானில் மியாசாகி என்பது ஒரு மாகாணம். அங்கே விளையும் அந்தச் சிவப்பு மாம்பழத்தின் ரகம் இர்வின். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் பிறந்தது, ரகமாகப் பார்த்தால் அப்படியொன்றும் கிடைக்காத பொருளில்லை. பசுமைக் கூடாரத்துக்குள் வளர்த்து, ஒவ்வொரு காய்க்கும் தனியாக வலை கட்டி, பழுத்துத் தானாக வலையில் விழும்வரை காத்திருந்து எடுக்கிறார்கள். அதிலும் 350 கிராம் எடையும் 15 பிரிக்ஸ் அளவு இனிப்பும் தேறிய பழத்துக்கு மட்டும்தான் 'தையோ நோ தமாகோ' என்ற முத்திரை. பருவத்தின் முதல் ஏலத்தில் ஒரு ஜோடி லட்சக்கணக்கான யென்னுக்குப் போவது ஜப்பானியருடைய கௌரவ விளையாட்டு. அந்த விலையில் மரத்தின் பங்கு கொஞ்சம். கூடாரம், கூலி, தரப்பிரிப்பு, முத்திரை எல்லாம் சேர்ந்ததுதான் மீதி. கன்றை மட்டும் பார்சலில் அனுப்பி "ஒரு மரம் இருந்தா போதும், உங்க பேரன் படிப்புச் செலவு முடிஞ்சுது" என்றால் என்ன அர்த்தம்? மும்பையில் மூன்று மாதம் விடாமல் பெய்யும் மழையில், உப்புக்காற்றில், அந்தக் கன்று உயிரோடு இருந்தாலே அதற்கு ஒரு பத்மஸ்ரீ கொடுக்கலாம்.

'தொட்டி மா' என்பதிலும் பாதி நிஜம் உண்டு. டெல்லியின் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ஆம்ரபாலி குட்டை ரகம்தான். தசேரிக்கும் நம் ஊர் நீலத்துக்கும் பிறந்தது. நெருக்கமாக நடலாம், பெரிய தொட்டியில் பாடுபட்டு வளர்க்கவும் செய்யலாம். வருஷம் முழுக்கக் கொத்துக் கொத்தாகக் காய்க்கும் என்று மட்டும் அதை உருவாக்கியவர்கள் சொல்லவில்லை.

மரத்தின் மேல் ஏறும் ஸ்ட்ராபெர்ரி? அதற்கு இந்தப் பாதிகூடக் கிடையாது. ஸ்ட்ராபெர்ரிக்குக் கொடிச்சுருளே இல்லை. தரையில் ஓடும் தண்டை எடுத்துக் கம்பியில் கட்டினால் கட்டிய வரைக்கும் நிற்கும், அவ்வளவுதான். மகாபலேஷ்வர் போய் வந்த மும்பைக்காரர் யாரும் இதைப் பார்த்திருக்கலாம்: மழை விட்டதும் நட்ட நாற்றுகள், மேட்டுப்பாத்தியில், தரையோடு தரையாக. நீல நிற ஸ்ட்ராபெர்ரி என்று பாக்கெட்டில் விதை வருகிறதே, அது கம்ப்யூட்டரில் நிறம் மாற்றிய படம். அப்படி ஒரு பழமே உலகத்தில் இல்லை.

காய்த்த செடியையே கண்ணெதிரே காட்டுகிறார்களே என்பவர்களுக்கு: காய் பிடித்திருக்கும் மரக்கிளையிலேயே விண்பதியம் போட்டு, வேர் விட்டதும் காயோடு அறுத்துத் தொட்டியில் வைத்தால் இரண்டடிச் செடியில் சப்போட்டா தொங்கும். இது மோசடி இல்லை, நல்ல தோட்டக் கலை. அந்த இத்துனூண்டு வேரால் அத்தனை காயைத் தாங்க முடியாமல், வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் எல்லாம் உதிரும் என்பதைச் சொல்லாமல் விற்பதுதான் மோசடி.

மணத்தக்காளிக்கு வந்த மவுசு

நாம்தான் ஏமாறுகிறோம் என்று யாரும் குறுக வேண்டாம். தபாலில் பழச்செடி விற்கும் கலையில் அமெரிக்கர்கள் நமக்கு நூறு வருஷம் மூத்தவர்கள்.

கலிஃபோர்னியாவின் சான்டா ரோசாவில் லூதர் பர்பாங்க் என்றொரு பெரிய செடி வித்தகர் இருந்தார். உருளைக்கிழங்கிலும் பிளம்ஸிலும் அவர் கொண்டுவந்த ரகங்கள் உண்மையிலேயே உலகத்தை மாற்றின. அவர் உருவாக்கிய ஒரு பழச்செடியை ஜான் லூயிஸ் சைல்ட்ஸ் என்ற நியூயார்க் விதை வியாபாரி வாங்கி, 'வொண்டர்பெர்ரி' என்று பெயர் சூட்டி, 1909-ல் தன் தபால் விற்பனைப் பட்டியலில் ஆகா ஓகோ என்று விளம்பரம் செய்தார். எந்த மண்ணிலும் வரும், விதைத்த வருஷமே காய்க்கும், நீலக் கருப்பில் மணிமணியாக, சமைத்தாலும் ருசி, பச்சையாகவும் ருசி. வாங்கி நட்டவர்கள் பழத்தைப் பார்த்தார்கள், சிலர் முகத்தைச் சுளித்தார்கள். 'ரூரல் நியூ யார்க்கர்' என்ற விவசாயப் பத்திரிகை, இது வேலியோரம் முளைக்கும் களைச்செடிதானே என்று போட்டுத் தாக்கியது. களைதான் என்று நிரூபிப்பவருக்கு 10,000 டாலர் என்று பர்பாங்க் சவால் விட்டார். சண்டை வருஷக்கணக்கில் நீண்டது. சொலானம் ரெட்ரோஃப்ளெக்சம் என்பது பின்னாளில் அதற்கு நிலைத்த பெயர். நம் வத்தக்குழம்பில் மிதக்கும் மணத்தக்காளிக்கு அது ஒன்றுவிட்ட சகோதரி.

நம் பாட்டிமார்கள் விதைக்காமலே கொல்லையில் முளைத்த சாதி, அங்கே அதிசயப் பழம். இதே மாதிரிதான் மரத்தக்காளி. 'ஒரே மரத்தில் மூட்டை மூட்டையாகத் தக்காளி' என்று அங்குள்ள பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் வந்தது. கொடைக்கானல் சந்தையில் அந்தப் பழத்தைக் குவித்து வைத்து விற்கிறார்கள், அது தக்காளி இல்லை என்பது வாங்குகிற எல்லோருக்கும் தெரியும். அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 1979-ல் நர்சரித் தொழிலுக்கென்றே தனியாக வழிகாட்டு விதிகள் போட்டது. ரகம், வயது, உயரம், எந்தக் குளிரைத் தாங்கும், எப்போது காய்க்கும் என்பவற்றில் வாங்குபவரை ஏமாற்றக்கூடாது என்று வரிவரியாக எழுதி வைத்தார்கள். அடிபட்ட பிறகு வந்த ஞானம்.

நமக்கும் ஒரு பெரிய அடி விழுந்தது. பழமரத்தில் அல்ல, தேக்கில். 1990-களில் சென்னையின் அனுபவ் பிளான்டேஷன்ஸ் விளம்பரங்களைப் பார்க்காத தமிழ் வீடு இருந்ததா? பெண் குழந்தை பிறந்ததும் ஒரு தேக்கு வாங்கிப் போட்டுவிட்டால் கல்யாணச் செலவு முடிந்தது என்று ஓய்வுபெற்றவர்கள் பி.எஃப். பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். 1998-ல் கம்பெனி கவிழ்ந்தது. மரம் வளர இருபது வருஷம் ஆகும் என்பதால் இருபது வருஷத்துக்குக் கேள்வி வராது என்ற அதே கணக்குதான் அங்கேயும். இந்த மாதிரித் தோட்டத் திட்டங்களைச் செபியின் பிடிக்குள் கொண்டுவரும் விதிமுறைகள் 1999 அக்டோபரில் வந்தன, குதிரை ஓடிய பிறகு லாயத்துக்குப் பூட்டு. அன்று பெரிய பணம், கொஞ்சம் பேர் கோர்ட் வரை போனார்கள். இன்று 499 ரூபாய், 799 ரூபாய். இதற்காக யார் கோர்ட்டுக்குப் போவார்கள்? தொகையைச் சின்னதாக வைத்ததுதான் இந்தத் தலைமுறை வியாபாரிகள் கற்றுக்கொண்ட பாடம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு விளம்பர எண்ணுக்கு நானே பேசிப் பார்த்தேன். எடுத்த பையன் நல்ல மரியாதையாகத்தான் பேசினான்.

"தம்பி, இது ஒட்டுக்கன்றா, விதைக்கன்றா?"

"ஹைப்ரிட் சார்."

"ஒட்டுக்குச்சி எந்தத் தாய்மரத்துல எடுத்தது?"

"ஜப்பான் சார். டைரக்ட் இம்போர்ட்."

"அப்ப இறக்குமதி அனுமதி, தாவரச் சுகாதாரச் சான்று எல்லாம் இருக்குமே, அனுப்ப முடியுமா?"

சற்று மௌனம். "சார், பின்கோடு சொல்லுங்க, ஆர்டர் கன்ஃபர்ம் பண்ணிடறேன்."

அந்தச் சான்றை நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. வெளிநாட்டிலிருந்து கன்றோ விதையோ கொண்டுவர, 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி அனுமதியும் சோதனையும் கட்டாயம். 2020-ல் யாரும் கேட்காத விதைப் பொட்டலங்கள் தபாலில் பல நாடுகளுக்குப் போய், அமெரிக்காவே பதறியது. ஆகஸ்டில் நம் வேளாண் அமைச்சகமும் எச்சரிக்கை விட்டது. உண்மையிலேயே ஜப்பானிலிருந்து நேரே வந்த கன்று என்றால் அது சட்டப்படி மாட்டிக்கொள்ளும். உள்ளூர்க் கன்று என்றால் விளம்பரம் மாட்டிக்கொள்ளும். எப்படிப் பார்த்தாலும் ஒன்று பொய்.

வேலிக்கு அந்தப் பக்கம்

அணுசக்தி நகரில் இந்தப் பார்சல்கள் வந்து இறங்குவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில், புதுப் பயிர் ரகம் உருவாக்குவதையே உத்தியோகமாகக் கொண்ட விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். சிலர் இதே காலனியில்தான் குடியிருக்கிறார்கள். காமா கதிர் பட்ட விதையில் எதேச்சையாக ஏற்படும் மாற்றங்களில் நல்லதைப் பொறுக்கியெடுத்து வளர்க்கும் வேலை. 1973-ல் டி.ஜி.-1 என்ற நிலக்கடலை வெளிவந்தது, பிறகு டி.ஏ.ஜி.-24 உட்பட வரிசையாகக் கடலை ரகங்கள், உளுந்து, பாசிப்பயறு, துவரை. இதுவரை எழுபதுக்கு மேல்.

இவ்வளவு வருஷத்தில் பழப்பயிரில் அவர்கள் கைவைத்து வெளியிட்ட முதல் ரகம் வந்தது 2025-ல்தான். காவேரி வாமன் என்று பெயர். கிராண்ட் நைன் வாழையைக் காமா கதிரில் வைத்து, அதில் குட்டையாக வந்ததைத் தேர்ந்து, திருச்சியில் இருக்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தோடு சேர்ந்து வயலில் திரும்பத் திரும்ப நட்டுச் சரிபார்த்தார்கள். குட்டை என்பதால் காற்றில் சாயாது, முட்டுக்கொடுக்கும் செலவு மிச்சம். காற்றுக் காலத்தில் தார் போட்ட வாழை சாய்ந்து கிடப்பதைப் பார்த்த திருச்சி, தஞ்சைக்காரர்களுக்கு அதன் மதிப்பு தெரியும்.

காலனியில் ஓய்வுபெற்ற ஒருவரிடம் பேசினேன். அந்தப் பிரிவில் வேலை பார்த்தவர் அல்ல, ஆனால் வாழைத் திசு வளர்ப்புக் குடுவைகளைக் கிட்ட இருந்து பார்த்தவர். "ஒரு செடி குட்டையா இருந்தா போதாது சார். அதோட கன்றும் குட்டையா இருக்கணும், அதோட கன்றும். திருச்சியில குட்டை, ஜல்கான்ல நெட்டைன்னா அது ரகமே இல்லை" என்றார். விளம்பரத்தில் பதினைந்து நிமிடத்தில் முடியும் சலுகைக்கும் இந்த வேலைக்கும் உள்ள தூரத்தை அவர் வேறு ஏதும் சொல்லாமலே சொல்லிவிட்டார். குட்டையான பழமரம் வேண்டும் என்ற ஆசை தப்பில்லை. அதை நிஜமாகவே செய்துகாட்டியவர்கள் பக்கத்திலேயே இருக்க, எங்கோ ஒரு எண்ணுக்குப் பணம் அனுப்புகிறோம் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

சட்டம் எங்கே நிற்கிறது

புகார் செய்ய இடமில்லை என்று சொல்ல முடியாது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொய் விளம்பரம் செய்தவருக்கும் அதில் நடித்துப் பரிந்துரைத்த பிரபலத்துக்கும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. 2022 பிப்ரவரியில் டெலிஷாப்பிங் நிறுவனமான நாப்டால் மீது இந்த ஆணையம் 10 லட்சம் அபராதம் விதித்தது. வழக்கு செடிக்காக அல்ல. தங்க நகை செட், முழங்கால் பட்டை, அக்குபிரஷர் செருப்பு. ஆனால் உத்தரவில் ஒரு பகுதி நம் கதைக்கு அப்படியே பொருந்தும்: முன்பே பதிவு செய்த நிகழ்ச்சி என்றால் அதைத் திரையில் சொல்ல வேண்டும், 'இன்றைக்கு மட்டும்' என்று செயற்கையாகத் தட்டுப்பாடு காட்டுவதை நிறுத்த வேண்டும். 2023 நவம்பரில் வந்த வழிகாட்டு விதிகளும் இணையக் கடைகளின் பொய் அவசரத்தைத் தடைசெய்கின்றன. அந்தப் பதினைந்து நிமிடம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு 2021 ஜனவரியில், அனுமன் சாலீசா எந்திரத்தை அற்புதம் செய்யும் என்று டி.வி.யில் விற்பது மகாராஷ்டிரத்தின் பில்லிசூனியத் தடைச் சட்டப்படி குற்றம் என்று தீர்ப்பளித்தது. தாயத்துக்கு ஒரு தனிச் சட்டம் இருக்கிறது. தாயத்தாக விற்கப்படும் மாங்கன்றுக்கு இல்லை.

விதை விஷயத்தில் வாங்கியவருக்குச் சாதகமான தீர்ப்பு உண்டு. தேசிய விதைக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012-ல், விதை வாங்கிய விவசாயியும் நுகர்வோர்தான், விதை முழுவதையும் விதைத்துவிட்டவரிடம் சோதனைக்கு மாதிரி கேட்டு வழக்கைத் தள்ளக்கூடாது என்றது. 1915 என்ற உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம். 5 லட்சம் வரையிலான வழக்குக்கு நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே இல்லை. குடியிருக்கும் ஊரிலேயே போடலாம்.

சிக்கல் வேறு இடத்தில். அதே சட்டத்தின் 69-ஆம் பிரிவு, வழக்குக்கான காரணம் எழுந்து இரண்டு வருஷத்துக்குள் புகார் வர வேண்டும் என்கிறது. தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் மன்னிக்கலாம்தான். ஆனால் காய்த்தால்தான் ஜாதி தெரியும் சரக்குக்குக் காரணம் எழுவது எந்த நாள்? பார்சல் வந்த நாளா, முதல் காயைக் கடித்த நாளா? முதல் காயைக் கடித்த நாள் என்று வக்கீல் வைத்து வாதாடலாம், 799 ரூபாய்க்கு.

ஆகவே வாங்கும்போதே பிடிக்க வேண்டியிருக்கிறது. ஒட்டுப்போட்ட கன்றில் தண்டின் அடிப்பகுதியில் ஒட்டின தழும்பு கண்ணுக்குத் தெரியும். அது இல்லாத 'அல்ஃபோன்சா' கன்று கொட்டையில் முளைத்தது, தாயின் குணம் வருமென்று நம்புவதற்கில்லை. நேரில் போய்ப் பார்த்து வாங்க மும்பைக்காரர்களுக்கு வழி இருக்கிறது: தாபோலியில் இருக்கும் கொங்கண் வேளாண் பல்கலைக்கழகத்தின் கன்றுகள், தேசியத் தோட்டக்கலை வாரியம் நட்சத்திரம் கொடுத்துத் தரம் பிரித்த நர்சரிகள், வருஷா வருஷம் பைகுல்லா ராணி பாக்கில் மாநகராட்சி நடத்தும் செடிக் கண்காட்சி.

மகாராஷ்டிரத்தில் பழக்கன்று நர்சரி நடத்த உரிமம் வேண்டும், வேர்ச்செடியும் ஒட்டுக்குச்சியும் எங்கிருந்து வந்தன என்று பதிவேடு வைக்க வேண்டும் என்று தனிச் சட்டமே இருக்கிறது, 1969-ல் போட்டது. மத்திய விதைச் சட்டம் 1966-ஐச் சேர்ந்தது. அதை மாற்ற 2004 டிசம்பரில் மாநிலங்களவைக்கு ஒரு மசோதா வந்தது, எல்லாத் தோட்டக்கலை நர்சரிகளும் பதிவு செய்ய வேண்டும் என்ற பிரிவோடு, நிறைவேறவில்லை. 2019-ல் ஒரு வரைவு, 2025 நவம்பரில் மறுபடி ஒரு வரைவு. இன்றைக்கும் கூரியர் கன்றை அளக்கக் கையில் இருப்பவை அந்த 1966, 1969 சட்டங்கள்தான். பம்பாயில் தூர்தர்ஷன் ஒளிபரப்பு தொடங்கியது 1972 அக்டோபர் 2-ஆம் தேதி.